மென்பொருள் நிறுவனத்துக்குக் கடை எதற்கு?

2020 ஜூன் 26 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் சில்லறை விற்பனைக் கடைகளை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய வணிக வளாகங்களுக்குள் இருந்த 80-க்கும் மேற்பட்ட கடைகள் அவை. நியூயார்க், லண்டன், சிட்னி நகரங்களிலும் ரெட்மண்ட் தலைமையகத்திலும் இருந்த நான்கை மட்டும் ‘அனுபவ மையங்களாக’ மாற்றி வைத்துக்கொள்வதாகச் சொன்னது. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸில் பெரும் விளம்பரத்தோடு திறந்த கடைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. இந்த மூடலுக்காக 45 கோடி டாலரை நிறுவனம் செலவுக் கணக்கில் எழுதியது. அந்த நிதியாண்டில் 14,300 கோடி டாலர் வருவாய் பார்த்த நிறுவனத்துக்கு அது வலிக்கிற தொகை இல்லைதான். ஆனால், உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் பத்தாண்டுக்கும் மேலாக நடத்திப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு என்ற வகையில் அது கவனித்துப் படிக்க வேண்டிய செய்தி. என் வாதம் இதுதான்: விற்பனைக்காக ஒரு மென்பொருள் நிறுவனம் கடை திறக்க வேண்டியதில்லை. ஆனால், அதன் மென்பொருளை நம்பி வேலை செய்கிற சாதாரண மனிதர் நேரில் போய்க் கேட்கவும் பதில் பெறவும் ஓர் இடத்தை அது வைத்திருந்தே ஆக வேண்டும். மைக்ரோசாஃப்ட் முதல் விஷயத்தில் தவறான காரணத்துக்காக இறங்கியது. அதிலிருந்து வெளியேறியபோது இரண்டாவதையும் சேர்த்துக் கைவிட்டது. எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது அந்த இரண்டாவதுதான்.

ஒரு கடை செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். சரக்கை வாங்கி இருப்பு வைக்கிறது. எடுத்துக் காட்டுகிறது. காசு வாங்கிக்கொண்டு கையில் கொடுக்கிறது. பிறகு கோளாறு என்று திரும்பி வந்தால் பதில் சொல்கிறது. மென்பொருளுக்கும் ஒரு காலத்தில் இவை எல்லாமே தேவைப்பட்டன. 1995 ஆகஸ்ட் 24 நள்ளிரவில் விண்டோஸ் 95 வாங்க அமெரிக்கக் கடை வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். அட்டைப் பெட்டிக்குள் 13 ஃபிளாப்பிகளாக வந்த சரக்கு அது. ஒவ்வொன்றாகச் செருகி, அடுத்ததைப் போடு என்று திரை கேட்கும்வரை காத்திருந்து நிறுவ வேண்டும். மென்பொருள் விற்பதற்கென்றே எக்ஹெட் என்ற கடைச் சங்கிலி 1984-ல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி நாடு முழுதும் கிளை பரப்பியது. அந்த எக்ஹெட் 1998-ல் தன் கடைகளை எல்லாம் மூடிவிட்டு இணையத்துக்கு மாறியது; 2001-ல் திவாலானது. 2013-ல் அடோபி நிறுவனம் ஃபோட்டோஷாப் உள்ளிட்ட தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தா முறையில் மட்டுமே தருவதாக அறிவித்தது. அட்டைப் பெட்டி போனது. அதோடு இருப்பு வைக்கும் வேலையும், கையில் எடுத்துக் கொடுக்கும் வேலையும் போயின. இலவசமாக ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று வந்தபின் எடுத்துக் காட்டும் வேலையிலும் பாதி போனது. மிஞ்சி நிற்பது கடைசி வேலை ஒன்றுதான்.

இதைச் சொன்னதும் எதிரே வைக்கப்படும் உதாரணம் ஆப்பிள். 2001 மே 19 அன்று வர்ஜீனியாவிலும் கலிஃபோர்னியாவிலும் முதல் இரண்டு ஆப்பிள் கடைகள் திறந்தபோது, இது தேறாது என்று வணிக இதழ்கள் எழுதின. அந்தக் கணிப்புக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கேட்வே என்ற கணினி நிறுவனம் அப்போதே நூற்றுக்கணக்கில் கடை வைத்துத் திணறிக்கொண்டிருந்தது. 2004-ல் மிச்சமிருந்த 188 கடைகளையும் அது மூடியது. ஆனால், அதே 2004-ல் ஆப்பிள் கடைகளின் ஆண்டு விற்பனை 100 கோடி டாலரைத் தொட்டது. இந்த வெற்றியைப் பார்த்துத்தான் மைக்ரோசாஃப்டும் களமிறங்கியது. ஆனால், ஆப்பிள் ஏன் கடை திறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அன்று உலகக் கணினிச் சந்தையில் ஆப்பிளின் பங்கு ஐந்து சதவீதத்துக்கும் கீழே. பெரிய மின்னணுக் கடைகளில் மேக் கணினிகள் ஏதோ ஒரு மூலையில், பல நேரம் இயக்கக்கூடப் படாமல், தூசு படிந்து கிடந்தன. அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்த விற்பனையாளரும் இல்லை. வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்கே ஆப்பிளுக்குச் சொந்த இடம் தேவைப்பட்டது. அத்தோடு, ஆப்பிள் விற்றது ஒரு முழுப்பொருள். உலோக உடல், திரை, இயங்குதளம், அதில் ஓடும் அடிப்படைச் செயலிகள் எல்லாம் ஒரே கையால் செய்தவை. மென்பொருளுக்கான விலை அந்தப் பொருளின் விலைக்குள்ளேயே இருந்தது. அதன் லாபம் கடை வாடகையைத் தாங்கியது. ஆப்பிளை மென்பொருள் நிறுவனத்துக்கான முன்மாதிரியாகக் காட்டுவது ஆரம்பத்திலேயே தவறிவிடுகிறது.

2009-ல் மைக்ரோசாஃப்டின் நிலை இதற்கு நேர் எதிர். உலகில் விற்ற கணினிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விண்டோஸில்தான் ஓடின. அமெரிக்காவில் எந்த மின்னணுக் கடைக்குள் நுழைந்தாலும் மேசை மேசையாக விண்டோஸ்தான். கண்ணில் படுவது அதற்கு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. 1999-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் மெட்ரியான் வளாகத்தில் ஒரு கடை திறந்து 2001-ல் மூடிய அனுபவமும் அதற்கு ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் வால்மார்ட்டில் 25 ஆண்டுகள் இருந்த டேவிட் போர்ட்டரை அழைத்துவந்து சில்லறை விற்பனைப் பிரிவை ஒப்படைத்தது. 2009 அக்டோபர் 22 அன்று, விண்டோஸ் 7 வெளியான அதே நாளில், அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் முதல் கடை திறந்தது. சுவர்களைச் சுற்றி வீடியோ திரைகள். நீண்ட மர மேசைகள். ஒரு மூலையில் எக்ஸ்பாக்ஸ் விளையாட இடம். பின்புறம், கேள்வி கேட்டு வருகிறவர்களுக்கென்று, பின்னர் ‘ஆன்ஸர் டெஸ்க்’ என்று அழைக்கப்பட்ட நீண்ட கவுன்ட்டர். மேசைகள் மேல் இருந்த லேப்டாப்கள் யாருடையவை? ஹெச்பி, டெல், ஏசர், சோனி, லெனோவா. பல மைல் தள்ளியிருக்கும் மின்னணுக் கடையிலும் அவையேதான் இருந்தன. வணிக வளாகத்தின் மிக உயர்ந்த வாடகையைக் கொடுத்து, மற்றவர் தயாரித்த பொருளை, மற்றவர் கடையில் கிடைக்கும் விலைக்கே விற்க ஒரு மென்பொருள் நிறுவனம் முன்வந்தது. இந்த இடத்திலேயே கணக்கு இடிக்கிறது.

ஆனால், அதே கடைகளில் உண்மையாகவே பயனுள்ள ஒன்று நடந்தது. அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் புதிய விண்டோஸ் லேப்டாப்பை வாங்கி முதல்முறை திறந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். திரை நிறையத் தேவையற்ற படக்குறிகள். மூன்று மாதம் கழித்துக் காசு கேட்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள், பிரவுசரின் தலையில் ஒட்டிக்கொண்ட தேடல் பட்டை, யாரும் கேட்காத புகைப்படச் செயலி, பாதி நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் அறிவிப்பு. கணினித் தயாரிப்பாளருக்கு ஒரு லேப்டாப்பில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. அந்த மென்பொருள் நிறுவனங்கள் தரும் பணம் அதற்குத் துணை. அதனால் இவை ஆலையிலிருந்தே ஏற்றி அனுப்பப்பட்டன. கணினி மெதுவானது. பழி விண்டோஸ் மேல் விழுந்தது. மைக்ரோசாஃப்டால் இதை எளிதில் தடுக்கவும் முடியவில்லை. 1998-ல் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கின் முடிவில் வந்த நீதிமன்ற உத்தரவு, கணினித் தயாரிப்பாளர்கள் பிறர் மென்பொருளைச் சேர்ப்பதில் மைக்ரோசாஃப்ட் கைவைக்க முடியாதபடி கட்டுப்பாடுகள் விதித்திருந்தது. 2011 மே வரை அது நடைமுறையில் இருந்தது. ஆனால், சொந்தக் கடையில் விற்கும் கணினியைத் துடைத்துச் சுத்தமாக்கித் தரலாம். ‘சிக்னேச்சர்’ என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் கடைகள் அதைத்தான் செய்தன. அந்தக் குப்பைகள் எதுவும் இல்லாமல், விண்டோஸ் எப்படி ஓட வேண்டும் என்று அதை எழுதியவர்கள் நினைத்தார்களோ அப்படி ஓடும் கணினி. 2012 வாக்கில், வேறு இடத்தில் வாங்கிய கணினியைக் கொண்டுவந்தாலும் 99 டாலருக்கு அதே சுத்திகரிப்பைச் செய்து தந்தார்கள்.

இதன் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். மென்பொருளை எழுதிய நிறுவனத்துக்கும் அதைப் பயன்படுத்துகிறவருக்கும் நடுவில் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று மூன்று நான்கு கைகள் இருந்தன. ஒவ்வொரு கையிலும் பொருள் கொஞ்சம் கெட்டது. அந்தக் கைகளைத் தாண்டி, எழுதியவரே பயன்படுத்துகிறவரை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தது ஆன்ஸர் டெஸ்க்கில்தான். ஆனால், அதற்குக் கிடைத்த மதிப்பு என்ன? சதுர அடிக்கு எவ்வளவு விற்பனை, பக்கத்து ஆப்பிள் கடையில் எவ்வளவு கூட்டம் என்ற அளவுகோலால் அந்தக் கடைகள் அளக்கப்பட்டன. அந்த அளவுகோலில் ஆன்ஸர் டெஸ்க் தோற்றுத்தான் போகும். வைரஸ் நீக்கிய மகிழ்ச்சியோடு ஒருவர் எதுவும் வாங்காமல் வீடு திரும்பினால் கல்லாவில் அதற்குப் பதிவு கிடையாது. விற்பனை இடம் என்று பெயர் வைத்துவிட்டு அதில் சேவை நடத்தியதுதான் அடிப்படைத் தவறு. சேவை இடம் என்றே தொடங்கியிருந்தால் வாடகை குறைந்த இடத்தில், சிறிய அளவில், அதிக ஊர்களில் தொடங்கியிருக்கலாம். 2020-ல் செலவைக் குறைக்க நினைத்தபோது அதை மூட வேண்டிய நியாயமும் எழுந்திருக்காது.

சொந்தக் கடை, கூட்டாளிகளோடு உறவைக் கெடுக்கும் என்பது இன்னொரு உண்மை. விண்டோஸை உலகெங்கும் கொண்டுசேர்த்தவர்கள் கணினித் தயாரிப்பாளர்களும் ஆயிரக்கணக்கான கடைக்காரர்களும். அவர்களோடு போட்டியாக ஒரு கடையைத் திறந்தால் அதிகமாக விற்கவும் முடியாது, விற்காமல் சும்மா இருக்கவும் முடியாது. 2012 அக்டோபர் 26 அன்று மைக்ரோசாஃப்ட் சொந்தமாகத் தயாரித்த சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அமெரிக்காவில் அதை மைக்ரோசாஃப்டின் சொந்தக் கடைகளிலும், பண்டிகைக் காலத்துக்கென்று வைத்த தற்காலிகக் கடைகளிலும், இணையத்திலும் மட்டுமே விற்றார்கள். நாடெங்கும் சேர்த்து சில பத்துக் கடைகள்தான். பெரும்பாலான அமெரிக்கர்கள் அந்தப் பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் வேறு ஊருக்குப் போக வேண்டும். டிசம்பரில் பெஸ்ட் பை, ஸ்டேபிள்ஸ் கடைகளுக்கும் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. 2013 ஜூலையில் விலையைக் குறைத்து, 90 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது நிறுவனம். பழைய விண்டோஸ் மென்பொருள்கள் ஓடாத டேப்லெட் என்பதும் அதற்கு முக்கியக் காரணம். எல்லாப் பழியையும் கடை மேல் போட முடியாது. ஆனால், சொந்தக் கடை இருக்கிறது என்ற எண்ணம் பொருளின் எல்லையை எப்படிச் சுருக்கும் என்பதற்கு இதுவே நல்ல சான்று.

இன்னொரு பக்கம் வருவாயின் வழியே மாறிக்கொண்டிருந்தது. 2011-ல் நிறுவனங்களுக்கும், 2013-ல் வீடுகளுக்கும் ஆஃபீஸ் சந்தா முறைக்கு வந்தது. 2014 பிப்ரவரியில் சத்யா நாதெள்ளா தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்றபின் மேகக் கணினிச் சேவை நிறுவனத்தின் மையத்துக்கு நகர்ந்தது. அந்த வாடிக்கையாளர்கள் வணிக வளாகத்துக்குள் நடந்துவருகிறவர்கள் இல்லை. மூடல் அறிவிப்பிலும், தங்கள் பொருள்களில் பெரும்பகுதி மின்வழிப் பொருளாகிவிட்டது என்பதையே காரணமாகச் சொன்னார்கள்.

நேர்மையாகப் பார்த்தால், கடை திறந்த முடிவுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. 2007-ல் காம்ப்யுஎஸ்ஏ என்ற கணினிக் கடைச் சங்கிலி தன் கடைகளில் பாதிக்கு மேல் மூடியது. 2009 தொடக்கத்தில் சர்க்யூட் சிட்டி என்ற பெரும் கடைச் சங்கிலி முற்றிலுமாக ஒழிந்தது. விண்டோஸ் கணினியை மக்களிடம் கொண்டுபோன கடைகளே சரிந்துகொண்டிருந்தபோது, அடுத்தவரை நம்பிச் சும்மா இருக்க முடியுமா? எஞ்சிய கடைகளில் விற்பனையாளருக்குப் பொருளைப் பற்றி விளக்கத் தெரிகிறதா? கேள்வி நியாயமானது. ஆனால், இதற்கான சரியான விடையை மைக்ரோசாஃப்டே பின்னர் கண்டுபிடித்தது. 2013-ல் பெஸ்ட் பை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அமெரிக்காவில் அதன் 500 கடைகளுக்குள்ளும் கனடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுக்குள்ளும் தனக்கென ஒரு பகுதியை அமைத்தது. ஒவ்வொன்றும் 1,500 முதல் 2,200 சதுர அடி. பயிற்சி பெற்ற ஆட்கள். சொந்தக் கட்டடம் இல்லை, தனி வாடகை ஒப்பந்தம் இல்லை, கூட்டாளியோடு மோதலும் இல்லை. நான்கு ஆண்டுகளாகச் சொந்தக் கடை திறந்து எட்டிய ஊர்களைவிடப் பல மடங்கு அதிகமான ஊர்களை ஒரே ஒப்பந்தத்தில் எட்ட முடிந்தது. பொருளை எடுத்துக் காட்ட இடம் வேண்டும் என்பது உண்மை. அது சொந்த இடமாக இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து வராது.

கூகுளைப் பாருங்கள், மைக்ரோசாஃப்ட் மூடிய அடுத்த ஆண்டே, 2021 ஜூனில், நியூயார்க்கின் செல்சியில் கடை திறந்ததே என்று கேட்கலாம். திறந்தது. அங்கே விற்பது பிக்ஸல் ஃபோனும் நெஸ்ட் கருவிகளும். கூகுளுக்குப் பெரும் வருவாய் தரும் தேடலுக்கோ ஜிமெயிலுக்கோ அங்கே வேலை இல்லை. அதன் கடைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளன. அது ஒரு வன்பொருள் பிரிவின் காட்சிக்கூடம். இணையத்தில் பிறந்த நிறுவனம் தெருவுக்கு வந்து கடை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அமேசான் சாட்சி. 2015-ல் சியாட்டிலில் புத்தகக் கடை தொடங்கிய அமேசான், 2022 மார்ச்சில் புத்தகக் கடைகள் உள்ளிட்ட 68 கடைகளை மூடுவதாக அறிவித்தது. விற்பனையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கே இந்த நிலை.

கொரோனாதான் மைக்ரோசாஃப்ட் கடைகளைக் கொன்றது, இல்லாவிட்டால் நின்றிருக்கும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2020 மார்ச்சில் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். ஆப்பிள் மீண்டும் திறந்தது, மைக்ரோசாஃப்ட் திறக்கவில்லை. தொற்று ஒரு சந்தர்ப்பத்தைக் கொடுத்தது. முடிவுக்கான காரணம் கணக்குப் புத்தகத்தில் முன்பே இருந்தது.

இனி என் வாதத்தின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மென்பொருள் கம்பி வழியாக வந்து சேர்ந்துவிடும். ஆனால், அது பழுதாகும்போது ஒரு குறிப்பிட்ட அறையில், ஒரு குறிப்பிட்ட மேசை மேல்தான் பழுதாகிறது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் உறைந்தன. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை நின்றது. தவறான கோப்பு போனது நொடியில். சரிசெய்ய, பெரும்பாலான கணினிகளின் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து, பாதுகாப்பு நிலையில் இயக்கி, அந்த ஒரு கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கச் சாவியையும் தட்ட வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அந்த ஆள் இருந்தார். வீட்டில் பேரன் அனுப்பிய லேப்டாப்பில் ஓய்வூதியக் கணக்கு பார்க்கும் முதியவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

அந்த வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில்லை. மோசடிக்காரர்கள் வந்து உட்காருகிறார்கள். ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ்’ என்று அழைத்து, தொலைவிலிருந்தே கணினியைக் கைப்பற்றி, பணம் பறிக்கும் கும்பல்கள் பல ஆண்டுகளாக அமெரிக்க, ஐரோப்பிய முதியவர்களைச் சூறையாடி வருகின்றன. வருத்தம் என்னவென்றால், அந்த அழைப்புகளில் பல நம் நாட்டிலிருந்தே போகின்றன. 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் சிபிஐ நாடெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில் பதிவான வழக்குகள் அதில் அடக்கம். இந்த மோசடி ஏன் இவ்வளவு எளிதாகப் பலிக்கிறது? பாதிக்கப்பட்டவருக்கு உண்மையான மைக்ரோசாஃப்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாது. போய்ப் பார்க்க ஒரு கதவு கிடையாது. வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது அழைத்தால் ‘நாளைக்குக் கிளைக்கு நேரில் வருகிறேன்’ என்று சொல்லி ஃபோனை வைத்துவிட முடியும். எத்தனையோ பேரைக் காப்பாற்றிய வாக்கியம் அது. மென்பொருள் விஷயத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்ல இடமே இல்லை.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடிவுக்கு வந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கணினிகளில் விண்டோஸ் 11 நிறுவ முடியாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் கட்டாயம் என்பது நிபந்தனை. என் கணினியில் அது இருக்கிறதா, இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா, ஓராண்டு நீட்டிப்பை எடுக்கலாமா, புதிது வாங்கத்தான் வேண்டுமா? ஐந்து நிமிடம் கணினியைப் பார்த்துவிட்டு ஒருவர் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில்கள் இவை. புதிய லேப்டாப் விற்கும் கடைக்காரரிடம் இதைக் கேட்டால் அவர் தரும் பதிலில் அவருடைய வியாபாரமும் கலந்திருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு. அதனால்தான் பதில் சொல்லும் பொறுப்பு எழுதியவரிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

எழுதியவரே எல்லா ஊரிலும் ஆள் வைப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. பெங்களூரில் 1986-ல் தொடங்கிய டேலி, இந்தியச் சிறு வணிகர்களின் கணக்குப் புத்தகமாகவே ஆகிவிட்ட மென்பொருள். அது தமிழ்நாட்டில் கடைவீதிதோறும் ஷோரூம் திறக்கவில்லை. ஊருக்கு ஊர் பார்ட்னர்களை வைத்தது. ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சிவகாசி அச்சகத்திலும் கணக்கு எழுதுகிறவருக்கு டேலியில் ஒரு சிக்கல் என்றால் அழைக்க ஒரு உள்ளூர் எண் உண்டு. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது இதன் அருமை தெரிந்தது. வரிக் கட்டமைப்பு ஒரே நாளில் மாறியது. பழைய பதிப்பில் பில் போட முடியாது. புதிய பதிப்பை ஏற்றி, ஹெச்எஸ்என் குறியீடு சேர்த்து, மாநிலத்துக்குள் விற்றால் எந்த வரி, வெளியே அனுப்பினால் எந்த வரி என்று கணக்கரின் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை பார்ட்னர்கள் வழியாக நடந்தது. தமிழில் பேசி, கடைக்காரரின் அவசரம் புரிந்து, நாளைக்கும் இதே தெருவில் முகம் பார்க்க வேண்டியவராக அந்த ஆள் இருந்தார். சேவைக்கு முகம் வேண்டும், அது உள்ளூர் முகமாக இருந்தால் போதும் என்பதை டேலி நிரூபித்திருக்கிறது.

பார்ட்னர் முறையிலும் குறை உண்டு. எல்லாப் பார்ட்னரும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. புதுப்பிப்புக் கட்டணத்தில் வாழ்கிறவர் தேவையில்லாததையும் தலையில் கட்டலாம். பயிற்சியும் தேர்வும் வைத்து, புகார் வந்தால் உரிமத்தை ரத்துசெய்யும் பொறுப்பை நிறுவனம் தன் கையில் வைத்திருந்தால்தான் அந்த முறை நிற்கும். இதைவிடக் கடினமான கேள்வி, காசு கொடுத்து வாங்காதவர்களைப் பற்றியது. வணிகர் டேலிக்குப் பணம் கட்டுகிறார், அவருக்கு ஆள் வருகிறார். இலவசமாகக் கிடைக்கும் மின்னஞ்சலையும் அரட்டைச் செயலியையும் பணம் அனுப்பும் செயலியையும் பயன்படுத்துகிறவருக்கு யார் வருவார்? அவர் பணமாகக் கட்டவில்லையே தவிர, அவருடைய பயன்பாட்டில்தான் அந்த நிறுவனங்கள் வளர்கின்றன. கணக்கு முடங்கினால் அவர் இழப்பது பத்தாண்டுப் புகைப்படங்களை, வங்கிச் செய்தி வரும் முகவரியை, தொழிலை.

இதற்கெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவு அரட்டை உதவியாளர் இருக்கிறதே என்று சொல்லப்படுகிறது. சாதாரணச் சந்தேகங்களுக்கு அது போதும், நல்லதும்கூட. ஆனால், கணக்குக்குள்ளேயே நுழைய முடியாதவர் அந்த உதவியாளரை எங்கிருந்து திறப்பார்? ஃபோனைத் தொலைத்தவருக்கு ஓடிபி எங்கே வரும்? ‘நான்தான் இந்தக் கணக்கின் சொந்தக்காரர்’ என்பதை முகம் பார்த்து, அடையாள அட்டை பார்த்து ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் ஒரு மனிதரிடம் இருந்தால் பத்து நிமிடத்தில் தீரும் பிரச்சினை, இன்று மாதக்கணக்கில் மின்னஞ்சலில் சுற்றுகிறது. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், சமூக ஊடகம் போன்ற இடைநிலை நிறுவனங்கள் குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, புகாரை 24 மணி நேரத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று சொல்கின்றன. சரியான திசையில் ஒரு படிதான் அது. ஆனால், எழுதத் தெரிந்தவருக்கும் இணையத்துக்குள் நுழைய முடிந்தவருக்கும் மட்டுமே அந்தப் படி எட்டுகிறது.

செலவு என்ற தடையை நான் சிறிதாக்கவில்லை. ஆனால், நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ வாடகையை வைத்து அதைக் கணக்கிட வேண்டியதில்லை. நம் நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ளன. 2017 முதல் தலைமை அஞ்சலகங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்கள் நடக்கின்றன; பல அஞ்சலகங்களில் ஆதார் திருத்தமும் நடக்கிறது. வெளியுறவுத் துறை ஊர் ஊராகக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கவில்லை. இருக்கிற இடத்தில் ஒரு கவுன்ட்டர் கேட்டு வாங்கியது. அதே போல மாவட்டத் தலைமை அஞ்சலகத்தில் ஒரு கவுன்ட்டர், வாரத்தில் சில நாட்கள், பயிற்சி பெற்ற இரண்டு பேர் என்று பல மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தலாம். அடையாளம் சரிபார்ப்பது, முடங்கிய கணக்கை மீட்பது, வந்த அழைப்பு மோசடியா என்று சொல்வது, கணினி புதுப்பிப்புக்குத் தகுதியானதா என்று பார்ப்பது. இந்த நான்கு வேலைகள் போதும். அங்கே எதையும் விற்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தென்காசியில் அலுவலகம் வைத்து, சிற்றூரிலிருந்தே உலகத்துக்கு மென்பொருள் செய்ய முடியும் என்று காட்டிய ஜோஹோ, 2025-ல் அதன் ‘அரட்டை’ செயலி திடீரென்று பரவியபின், நிறுவன வாடிக்கையாளர்களைத் தாண்டிச் சாதாரணக் குடும்பங்களின் ஃபோனுக்குள்ளும் வந்துவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு நேரில் பதில் சொல்லும் கவுன்ட்டரை முதலில் திறக்க அதற்கு மற்ற எவரையும்விட வசதி இருக்கிறது. தென்காசியிலேயே அதைத் தொடங்கலாம்.